கல்லில் உட்காராதவள்

சைகலுக்கு இருபத்தாறு வயது. நினைவு தெரிந்த நாளாக அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்ததில்லை. வாய்க்காலில் துணி அலசப் போனால் மற்றப் பெண்கள் கிடைத்த பாறையில் குந்திக்கொள்வார்கள். அவள் மட்டும் கம்பளித் துண்டு ஒன்றைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவாள். ஜூலை வெயிலிலும் காலில் கம்பளிக் காலுறை, இடுப்பில் ஒட்டக ரோமப் பட்டி. பக்கத்து நகரமான கரகோலின் சந்தையில் ஊரே வரிசையில் நின்று உறிஞ்சும் குளிர்ந்த புளிப்பு நூடுல்ஸை அவள் நாக்கு அறியாது.

"இவ அடுப்புக்குள்ளயே பொறந்தவ. வெளிய எடுத்தா அணைஞ்சு போயிடுவா" என்று ஓரகத்தி அனார்கன் கேலி செய்வாள்.

சைகலும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பட்டியைத் தளர்த்த மாட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா போனாள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு நவம்பரில், பெரியப்பா வீட்டில் இறந்தவருக்கான நினைவு விருந்துக்குக் குதிரை அறுத்தார்கள். குடல் கழுவும் வேலை அம்மாவுக்கு வந்தது. ஓரத்தில் பனிக்கட்டி பிடித்த வாய்க்காலில் முழங்கால் நனைய நின்று அரை நாள் கழுவினாள். அடுத்த கோடைக்குள் படுக்கையில் விழுந்தாள். அதற்கடுத்த கோடையில் ஆள் இல்லை. "வயித்துல குளிர் ஏறிடுச்சு" என்று பெரியம்மாமார் சொன்னார்கள். வேறு யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. சிறுமி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். குளிர் ஏறவிடக் கூடாது. அது ஏறாமல் பார்த்துக்கொண்டால் அம்மாவுக்கு வந்தது தனக்கு வராது. பதினேழு வருடமாக அவள் காத்துவந்த காவல் அது.

ஆகவே ஆகஸ்டு மாதத்தில் நர்ஸ் ரோஸா ஊர்ப் பெண்களைப் பள்ளிக்கூடக் கூடத்தில் கூட்டி உட்காரவைத்தபோது, சைகல் கடைசி வரிசையில் மெத்தையிட்ட நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து, மனம் நிறைய நிம்மதியோடு உட்கார்ந்திருந்தாள்.

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்" என்று ரோஸா ஆரம்பித்ததுதான் தாமதம், கூடத்தில் பாதிப்பேர் சட்டைக் கழுத்தை இழுத்து உள்ளே 'தூ தூ' என்று துப்பிக்கொண்டார்கள். அந்த நோயின் பேரை இந்தப் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கெட்ட நோய் என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வீடு விசாரித்துக்கொண்டு வந்துவிடும்.

"துப்புனா வராதுன்னா நான் எதுக்கு இருபது வருஷமா வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு அலையுறேன்? நானும் வீட்டுல உக்காந்து துப்பிக்கிட்டு இருந்திருப்பேனே" என்றாள் ரோஸா.

"அதெல்லாம் பட்டணத்துப் பொண்ணுங்களுக்கு வர்றது, எஜே" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தி. வயதில் மூத்த பெண்களை எல்லாரும் எஜே என்றுதான் அழைப்பார்கள், அக்கா என்பதுபோல. "இன்னைக்கு ஒருத்தன் நாளைக்கு ஒருத்தன்னு திரியுறாளுங்க இல்ல?"

"பத்துப் பெத்தவளுக்கு வரும். நான் மூணோட கதவைச் சாத்திட்டேன்" என்றாள் இன்னொருத்தி.

"என் வீட்டுக்காரரு ரஷ்யாவுல இருக்காரு. வருஷத்துல ஒரு மாசம்தான் வர்றாரு. நோய் வர்றதுக்கும் அவரு நேரம் ஒதுக்கணுமே!"

கூடம் இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு. ரோஸா அது அடங்கும்வரை காத்திருந்தாள். "உனக்கு ஒரு மாசம்தான். அவருக்கு ரஷ்யாவுல பதினோரு மாசம் இருக்கே" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருடைய கணவன்மார் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். சைகலின் கணவன் தாலந்தும் அங்கேதான்.

சைகல் மனதுக்குள் தன்னைத்தானே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். ஒரே புருஷன். ஒரே குழந்தை. குளிர்? கிட்டவே விட்டதில்லை. இது வேறு யாருக்கோ சொல்லப்படுகிற சங்கதி. அவள் கொட்டாவியை அடக்கினாள்.

கூட்டம் முடிந்ததும் ரோஸா வீட்டுக்கு இத்தனை என்று சின்னப் பிரஷ்ஷும் மூடிபோட்ட குழாயும் கொடுத்தாள். அவரவரே உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டுத் தரவேண்டும். டாக்டரிடம் காலை விரிக்கவேண்டியதில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடுத்தவர்களின் பேருக்கு நேராகச் சுகாதார நிலையத்துச் சுவரில் டிக் போடப்படும்.

மாமியார் குமுஷுக்கு நோயைப் பற்றிக் கவலை இல்லை, சுவரைப் பற்றித்தான். "நம்ம வீட்டுப் பேருக்கு நேரா மட்டும் வெறிச்சுன்னு கெடந்தா ஊரு என்ன பேசும்? ரெண்டு பேரும் நாளைக்கே குடுத்துடணும்" என்று உத்தரவு போட்டாள்.

அனார்கனுக்கு முப்பத்தெட்டு வயது. மூத்த மருமகள், மூன்று பையன்களுக்குத் தாய். உருளைக்கிழங்கு மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவாள். ஆனால் அந்தப் பிரஷ்ஷைப் பார்த்ததும் அவள் முகம் மாவுபோல வெளுத்தது.

"அடியே, ரெண்டாவது பையன் பொறக்கும்போது பட்டதே எனக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும். இதுக்கு மேல அங்க எதையும் விடமாட்டேன். எனக்கும் சேத்து நீயே செஞ்சுடு."

"அது எப்படி எஜே, உங்களுது நான் குடுக்கறது?"

"ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணி. உனக்கு என்னவோ அதான் எனக்கும். ஒரு வாரம் உன் பங்குப் பாலும் நானே கறக்குறேன்."

ஒரு வாரம் விடியலில் எழவேண்டாம் என்றால் கசக்குமா? சைகல் முற்றத்து நீராவிக் குளியலறைக்குள் போய், அடுப்பு நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து, இரண்டு பிரஷ்ஷையும் தானே முடித்து, இரண்டு குழாயிலும் இரண்டு பேரை எழுதிக் கொடுத்துவிட்டாள். கையோ மனமோ நடுங்கவில்லை. நடுங்கவேண்டியவர்கள் கல்லில் உட்காருகிறவர்கள் அல்லவா?

செப்டம்பர் கடைசியில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மலையில் பனி ஒரு கை கீழே இறங்கியிருந்தது. சைகலின் நான்கு வயது மகள் வரப்பில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாமியார் வைத்த பெயர் உல்போல்சுன். மகன் பிறக்கட்டும் என்று அர்த்தம், நம் பக்கம் போதும்பொண்ணு என்று வைப்பதில்லையா, அதுபோல. அந்தப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, திட்டக் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் சைகலிடம் ஊர் ஒரு மகனைக் கேட்பதாக ஆகும். தாலந்த் அக்டோபர் ஐந்தாம் தேதி வருகிறான். ஒரு மாத விடுப்பு. அந்த மாதத்தை நம்பி மாமியார் ஏற்கெனவே பேரன் பிறக்கும் விருந்துக்கென்று ஒரு கடாவைத் தனியாகக் கட்டிவைத்து மேய்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஸா வயலின் குறுக்கே நடந்து வந்தாள். கையில் காகிதம்.

"குமுஷ் எஜே, நீங்க வேலையப் பாருங்க. இவங்க ரெண்டு பேர் மட்டும் இப்படி வரட்டும்."

வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் வைரஸ் இருக்கு. மோசமான வகை. இது நோய் இல்ல. நான் சொல்றது காதுல விழுதா? நோய் இல்ல. ஆனா உள்ள பாக்கணும். தலைநகரத்துல இருந்து ஒரு டாக்டரம்மா கரகோலுக்கு வந்திருக்காங்க. வியாழக்கிழமை போறோம்."

அனார்கன் "ஐயோ" என்று வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். சைகல் கையில் இருந்த கிழங்கின் மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள், தோல் உரிந்து வெள்ளை தெரியும்வரை.

ஒன்று என்றால் தப்பாக இருக்கலாம். குழாய் மாறியிருக்கும், லேப்பில் தூங்கியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே இரண்டு குழாய், இரண்டு பேர், இரண்டு எண். இரண்டும் அவள். ஒரே கேள்வியைத் தனித்தனியாக இரண்டு பேரிடம் கேட்டு ஒரே பதில் வந்ததுபோல. தப்பிக்க இருந்த ஒரே இடுக்கையும் அவளே தன் கையால் அடைத்துவைத்திருந்தாள்.

"யாருகிட்ட இருந்து வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. புருஷன்கிட்ட இருந்து வந்திருக்கும். எப்ப வந்துச்சுன்னு தெரியாது. முக்காவாசிப் பேருக்கு வந்துட்டுத் தானாப் போயிடும். சிலருக்குப் போறதில்ல."

"அவரு என்னைக் கேப்பாரே, ரோஸா எஜே."

ரோஸா காகிதத்தை மடித்து அவள் ஏப்ரன் பையில் திணித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மாட்டுக் கொட்டிலில் அனார்கன் அவள் அருகே வந்து நின்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம், அதை மறைக்கும் பாடு வேறு. "ரெண்டும் உன்னுதுதானே?"

"ஆமா."

"அப்ப எனக்கு இல்ல."

"உங்களுக்கு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? உங்களுத யாரு பாத்தா?"

வெளிச்சம் அணைந்தது. பசு காலை மாற்றி வைத்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு வாளியைப் பிடித்துக்கொண்டு, அதில் பால் இல்லை என்பதுகூடத் தெரியாமல் நின்றார்கள்.

அதற்குப் பிந்திய நான்கு நாட்களும் சைகல் தன் உடம்பை ஒரு திருடனை வேவு பார்ப்பதுபோல வேவு பார்த்தாள். அடிவயிற்றில் வலிக்கிறதா? இது நேற்றும் வலித்ததா? போன மாதம் இரண்டு நாள் முன்னதாக வந்ததே, அது அதுதானா? ரொட்டியைத் தணலில் வைத்துவிட்டு நின்றவள், கருகிய வாசனை அடித்த பிறகுதான் திரும்பினாள். எங்கே தவறவிட்டோம் என்று யோசித்து யோசித்து, பதினைந்து வயதில் ஆற்றைக் கடக்கும்போது வழுக்கி ஈரப் பாறையில் விழுந்தது ஞாபகம் வந்தது. உட்காரவில்லை, விழுந்தாள். அரை நிமிடம் இருக்குமா? அந்த அரை நிமிடம்தான் என்று முடிவு செய்து, மறுபடி நம்பாமல், மறுபடி நம்பினாள்.

மாமியாரிடம் ரோஸா, "சும்மா ஒரு செக்கப்" என்று சொல்லிவைத்தாள்.

வியாழக்கிழமை வேன் பிடித்துக் கரகோல் போனார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முதலில் சைகலின் பேரைத்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சிம்பத் நாற்பது வயதுப் பெண். மெலிந்த கை, கடகடவென்ற பேச்சு. கம்பளிக் காலுறையைக் கழற்றவேண்டாம் என்று அவளே சொன்னதில் சைகலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு புளிப்பு வாசனை அடித்தது. சந்தை வாசனை.

"வினிகர்தான். தண்ணி கலந்தது. நல்ல எடம் அப்படியே இருக்கும். கெட்டுப்போகப் பாக்குற எடம் வெள்ளையா காட்டிக் குடுக்கும்." டாக்டர் குனிந்து பார்த்தாள். சைகல் கூரையில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நீளுவதுபோல இருந்தது.

"ம். ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. கட்டைவிரல் நகத்துல பாதி."

"அதுதானா?" என்றாள் சைகல். பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அது இல்ல. அதா ஆகலாம், இப்படியே விட்டா. அஞ்சு வருஷத்துலயோ பத்து வருஷத்துலயோ. ஆகாமலும் போகலாம். நாம பந்தயம் கட்ட வேண்டாம், இன்னைக்கே எடுத்துடலாம். வெட்டு இல்ல, தையல் இல்ல. மூணு நிமிஷம் உறைய வைப்பேன், அஞ்சு நிமிஷம் விடுவேன், மறுபடி மூணு நிமிஷம். அவ்வளவுதான்."

"என்ன வைப்பீங்க?"

"உறைய. குளிர்ல." டாக்டர் மூலையில் நின்ற சிலிண்டரைக் காட்டினாள். "ஐஸைவிடக் கடுங்குளிர். கெட்ட தோல் செத்து உதிர்ந்துடும்."

அடுத்து என்ன நடந்தது என்று சைகலுக்கே பிற்பாடு கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. கால்களைப் பிடுங்கிக்கொண்டு, பாவாடையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கதவைத் தள்ளி, தாழ்வாரத்தில் அனார்கன் "ஏய், என்னடி!" என்று எழுவதற்குள் முற்றத்துக்கு வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. வெறும் காலுறை. மரத்தடியில் நின்று நடுங்கினாள்.

பதினேழு வருடம் வாசலில் காவல் நின்றது எதற்கு? கடைசியில் ஒரு டாக்டர் சிலிண்டரில் அடைத்து, குழாய் வைத்து, நேராக அங்கேயே குளிரை ஏற்றுவதற்கா?

டாக்டர் வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஒரு தடிச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் அனார்கன், இரண்டு பேருடைய மேல்கோட்டையும் அணைத்துக்கொண்டு.

"செருப்பில்லாம நிக்கிறியே, குளிராதா?"

"என்னைக் கேலி பண்ணாதீங்க. எனக்கு இன்னொரு புள்ள வேணும். குளிர் ஏறினா கர்ப்பப்பை செத்துடும்."

"இந்தக் குளிர் அந்த நகத்தளவு எடத்தோட நின்னுடும். புள்ள தங்குறது அதுக்கு உள்ள, மேல. அங்க போகாது. இதச் செஞ்சிட்டுப் புள்ள பெத்தவங்கள நான் தினம் பாக்குறேன்."

"அப்ப அடுத்த மாசம் தங்குமா? எங்க வீட்டுக்காரரு பத்து நாள்ல வர்றாரு."

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவள். "இல்ல. ஆறுறதுக்கு ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் சேரக் கூடாது. வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல் கூடாது. கனமா தூக்கக் கூடாது."

"அவருக்கு ஒரு மாசம்தான் லீவு."

"எனக்குப் புரியுது."

"அடுத்த வருஷம் இதே மாசம்தான் வருவாரு. ஒரு வருஷம் நான் என்ன பதில் சொல்வேன்? வசந்த காலத்துல வந்து செஞ்சுக்கிறேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதுன்னு நீங்களே சொன்னீங்க."

"ஆயிடாதுன்னுதான் நினைக்கிறேன். நாளைக்கு நான் கிளம்புறேன். திரும்ப ஏப்ரல்ல வருவேன். நீ அப்ப மாசமா இருந்தா நான் இதைத் தொட முடியாது. பொறந்து, பால் குடுத்து, வயல் வேலை முடிச்சு, நீ எப்ப வருவே? அப்படி 'அப்புறம் வர்றேன்'னு போனவங்களையும் நான் பாத்திருக்கேன். அவங்களத் தினம் பாக்க முடியாது."

சைகல், "எங்கம்மா குளிர்லதான் செத்தாங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிடும் என்பதுபோல.

"எப்படி இருந்தாங்க கடைசியில?"

யாரும் அவளை அதைக் கேட்டதில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். அண்டாவில் அப்பா துணிகளைக் கொதிக்கவைத்தது. தண்ணீர் சிவப்பாகும், கொட்டுவார், மறுபடி கொதிக்கவைப்பார். அம்மாவின் கால் ஒன்று வீங்கியது. அப்புறம் அந்த வாசனை. என்ன வாசனை என்று சிறுமிக்குத் தெரியாது. பெரியவர்கள் மூக்கை மூடாமல் மூடிக்கொள்வார்கள். வாசனை போவதற்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

"எந்த மாசம்?" என்றாள் டாக்டர்.

"ஜனவரி, பிப்ரவரி..."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

ஜனவரியில் ஊரை ஒட்டிய ஏரியின் காற்று மூக்கு நுனியை வெட்டும். அந்த மாதத்தில், குளிர் ஏறிப் படுத்தவள் என்று சொல்லப்பட்டவளின் தலைமாட்டில், பகலெல்லாம் ஜன்னல் திறந்தே இருந்தது. பெரியம்மாமாரே திறந்துவைத்தார்கள். கைக்குழந்தை இருக்கும் அறையில் கதவு ஒரு விரற்கடை திறந்தாலே கூச்சல் போடுகிறவர்கள். அவர்களில் ஒருத்திகூட எழுந்து போய் அதைச் சாத்தவில்லை.

அப்படியென்றால் அவர்களுக்குத் தெரியும். குளிர் இல்லை என்று அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

முன்பு இருந்த பயத்துக்கு ஓர் உருவம் இருந்தது. கல், தண்ணீர், காற்று. விலகி நடக்கலாம், போர்த்திக்கொள்ளலாம். இப்போது வந்த பயத்துக்கு எதையும் போர்த்த முடியாது. அது ஏற்கெனவே உள்ளே இருந்தது, அரை நகத்தளவு, அவள் காலுறை பின்னிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம்.

"நான் உங்கம்மாவப் பாக்கல. பாக்காதவங்களப் பத்தி நான் சொல்லக் கூடாது" என்றாள் டாக்டர் தாழ்ந்த குரலில்.

அப்போது, அதுவரை கோட்டுகளைக் கட்டிக்கொண்டு நின்ற அனார்கன் சட்டென்று பேசினாள். "டாக்டரம்மா, என் பேர்ல வந்தது என்னுது இல்ல. இவளுது. நான் பயந்துபோய் இவ தலையில கட்டிட்டேன். நான் எதையுமே குடுக்கல."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதினஞ்சு வருஷத்துல எல்லாத்தையும் கேட்டுட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.

"என்னை முதல்ல பாருங்க. நான் எழுந்து வர்ற வரைக்கும் இவளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்." பிறகு சைகலிடம் திரும்பி, "நான் கத்துனா சிரிக்காதடி. கத்துவேன்" என்றாள்.

கத்தினாள். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. "இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா, கையுறைதான் போட்டேன்" என்று டாக்டரின் குரல் கேட்டது. சைகல் சுவரில் சாய்ந்து நின்று, தன்னையறியாமல் சிரித்து, சிரிக்கும்போதே அழுதாள். அனார்கன் வெளியே வந்தாள், வேர்த்த முகம். மாதிரி எடுத்தாயிற்று, முடிவு வர ஒரு மாதம். தன் காலுறைகளை உருவி, சைகலின் காலுறைகளுக்கு மேலேயே மாட்டிவிட்டாள். இன்னும் அவள் உடம்புச் சூடு இருந்தது.

"போ. நான் கதவுகிட்டயே நிக்கிறேன்."

சிலிண்டர் சீறியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மாதாந்திர வலிபோல ஒன்று ஆழத்தில் கவ்வியது. முகத்தில் சூடு ஏறியது. குளிர் வைக்கும்போது முகம் ஏன் எரிகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. மூன்று நிமிடமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் பிடி தளர்ந்தது. அடுத்த மூன்றில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தார்கள். வாசற்படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வழவழத்த கருங்கல். அவள் அதில் சரியப்போன கணத்தில் அனார்கன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"எந்திரிடி! கல்லு மேலயா உக்காருவ, பைத்தியம்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அனார்கன் தன் கோட்டை மடித்துப் படியில் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

ஊர்த் திருப்பத்தில் வேன் நின்றபோதே குளியலறைப் புகை தெரிந்தது. மாமியார் அடுப்பு மூட்டியிருந்தாள். "சீக்கிரம் வாங்க, கெலின்களா" என்று மருமகள்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். "குளிர்ல வந்திருக்கீங்க, எலும்பு சூடேறக் குளிங்க. அவன் வர்றதுக்குள்ள உடம்பு நல்லா இருக்கணும்."

சைகல் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "எனக்குக் கூடாது, எனே." மாமியாரை அவள் அப்படித்தான் அழைப்பாள். "ஒரு மாசத்துக்கு."

"என்ன கூடாது?"

"நீராவிக் குளியல் கூடாது. அவரு வந்தாலும் கூடாது." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ், வெள்ளைத் திட்டு, சிலிண்டர், ஒரு மாதம். அனார்கன் இடையில் புகுந்து தன் பங்குக் குற்றத்தையும் சொன்னாள்.

குமுஷ் அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "என்னைக் கேக்காம குளிரை ஏத்திக்கிட்டு வந்திருக்க. அந்தக் கடாவை நான் எதுக்கு வளர்க்குறேன்?"

"எங்கம்மா எதுல செத்தாங்க, எனே?"

குமுஷ் கம்பியைத் தரையில் ஊன்றினாள். "உங்கம்மா சாவுக்கு நான் வந்திருந்தேன். ஊருக்கே தெரியும். உன்னைப் பொண்ணு கேக்க வந்தப்பவும் தெரியும்."

"ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

"பேர் சொன்னா வந்துடும்னு..."

"சொல்லாமலேதானே வந்துச்சு" என்றாள் சைகல்.

மாமியார் கம்பியைச் சுவரில் சாய்த்துவைத்தாள். குளியலறைக்குள் விறகு வெடித்தது.

சைகல் வீட்டுக்குள் போய், வெறுந்தரையில் உட்கார்ந்து, போனை எடுத்தாள். தாலந்த் வந்த பிறகு சொன்னால் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கும். அதற்குத் தைரியம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிடமாட்டானா என்று ஒரு நினைப்பு ஓடியது.

"என்ன, இந்த நேரத்துல? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"பாப்பா நல்லா இருக்கா. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டு முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாதீங்க. யாரு குடுத்ததுன்னு கேக்காதீங்க, நானும் கேக்கல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்."

முதல்முறையாக அது அவள் வாயால் வந்தது. வீடு அப்படியேதான் இருந்தது. "அது எனக்கு வரல. வராம இருக்கத்தான் இன்னைக்குப் போனேன்..."

நிலைப்படியில் நின்ற குமுஷின் கை பழக்கதோஷத்தில் கழுத்துப்பட்டையைத் தேடிப் போயிற்று. தூ தூ என்று துப்பிக்கொண்டாள். பிறகு மூலையில் சுருட்டிவைத்திருந்த கம்பளி விரிப்பை இழுத்துவந்து, பேசிக்கொண்டிருந்தவளை இடுப்பில் ஒரு தள்ளு தள்ளி எழுப்பி, அவளுக்கு அடியில் விரித்தாள்.